ஊதா மருந்தும் ஊர்க்காரியும்

பெங்களூருக்கு வந்து இத்தனை வருடத்தில் என் காதை யாரும் பார்த்ததில்லை. இங்கே எல்லார் காதிலும் ஏதாவது செருகியிருக்கும். இடது காதில் டாக்டர் ஊதா மருந்து தடவிவிட்ட அன்றுதான், ஈஜிபுரா பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அத்தனை பேரும் பார்த்தார்கள். எங்கள் ஊர் ஆரணியில் வாய்ப்புண் வந்த குழந்தைகள் இதே மருந்தை வாய் நிறையப் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். என் வீட்டுக்கார அம்மா கன்னடக்காரர். காது மடலில் வழிந்திருந்ததை ரத்தக்கட்டு என்று எண்ணி, "யாரம்மா ஹொடெதித்து?" என்றார். யார் அடித்தது என்று கேட்கிறார் என்பது புரியாமல், "டாக்டரு" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். அன்று மத்தியானமே எனக்கு அவர்கள் 'சாரு' என்கிற ரசமும் சோறும் வந்துவிட்டன.

எனக்குக் கால் சென்டரில் தமிழ்ப் பிரிவில் வேலை. ஷிப்டுக்கு ஷிப்ட் கைமாறும் ஹெட்செட். முந்தின ஆளின் வியர்வை காய்வதற்குள் நம் காதில் ஏறிவிடும். அரிப்பு, வலி, பிறகு நீர் வடிதல். எத்தனையோ சொட்டு மருந்து விட்டேன். நின்றது மாதிரி நின்று திரும்ப வந்தது. கடைசியில் ஆஸ்டின் டவுனில் ஒரு வயதான டாக்டர் காதைச் சுத்தம் செய்தார். செவிப்பறையில் ஓட்டை இல்லை, இது வெறும் பூஞ்சை என்றார். பழைய மருந்துதான், ஆனால் கேட்கும் என்று ஊதாவைத் தடவினார். ஒரு வாரம் ஹெட்செட்டைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

டீம் லீடர் வசந்தி அக்காவும் ஆரணிதான். இந்த வேலையை வாங்கித் தந்ததே அவர். லீவுக்கு மெயில் போடட்டுமா என்று கேட்டேன்.

"மெயிலெல்லாம் எதுக்குடி, நான் இல்ல? எச்ஆர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ போயி காதப் பாரு."

ஊர்க்காரி வாயால் சொன்னபிறகு எழுத்து எதற்கு? நம்மவர்களிடம் மட்டும் செய்யக்கூடிய தவறு இது. மெயில் போட்டால் அக்காவை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று போடவில்லை.

மருந்து கேட்டது. காது காய்ந்து, சுத்தமாகி, வேலைக்குப் போனால் வாசலிலேயே கார்டு வேலை செய்யவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனவள் என்று பதிந்திருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அப்ஸ்காண்ட்'. எச்ஆர் பெண் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா என் முகத்தைப் பார்த்தே சொன்னார்:

"நீ எங்கிட்ட எப்பம்மா சொன்ன?"

என் நாற்காலியில் அக்காவின் நாத்தனார் மகள் உட்கார்ந்திருந்தாள். விஷயமே தெரியாத கன்னடக்கார அம்மா சோறு போட்டார், எல்லாம் தெரிந்த ஊர்க்காரி சோற்றில் கை வைத்தார்.

இப்போது வேறு அலுவலகம். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் நான் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நீங்க ஆரணிப் பக்கமா?"

"இல்லம்மா," என்றேன். "நான் பொறந்து வளந்ததெல்லாம் இங்கயேதான்."