பணகுடியில் காற்று இல்லாத சனிக்கிழமை

போன நவம்பரில் போய்வந்த பயணத்தை ஏழு மாதம் கழித்து இப்போது எழுதுகிறேன். முதல் காரணம் சோம்பல். இரண்டாவது காரணம் போன செவ்வாய்க்கிழமை நடந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகளைக் காற்றாலை பார்க்க அழைத்துப்போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு இந்தப் பதிவு உதவும். நான் செய்த தப்பை நீங்களும் செய்ய வேண்டாம்.

தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். பருவநிலை மாற்றப் பாடத்தை வருடாவருடம் கரும்பலகையிலேயே நடத்தி முடித்துவிடுவேன். வெயிலில் சூடான பூமி வெப்பத்தை வெளியே விடுகிறது, கார்பன் டை ஆக்சைடு அதைப் போகவிடாமல் பிடித்துவைக்கிறது, அந்த வாயு கூடக்கூடச் சூடும் கூடுகிறது. பிள்ளைகள் அதை அப்படியே எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். போன வருடம் அது போதாமல் போனதற்குக் காரணம் ஷமீமா.

ஷமீமா அப்போது பத்தாம் வகுப்பு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதிலிருந்து இந்தப் பாடத்தில் அவளுக்கு ஒரு பிடிவாதம். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்காக, பள்ளிக்கூடம் முழுவதையும் காற்றாலை மின்சாரத்தில் ஓட்டுவதுபோல ஒரு மாதிரி செய்திருந்தாள். அட்டையில் கட்டடம், பிளாஸ்டிக் பாட்டிலில் வெட்டிய மூன்று இறக்கை, பின்னால் சின்ன மோட்டார், இரண்டு பேட்டரி. சுவிட்சைத் தட்டினால் விர்ரென்று சுற்றும். மேலே ‘வருடம் முழுவதும் காற்று, வருடம் முழுவதும் மின்சாரம்’ என்று பட்டை எழுத்து. அந்த வாசகம் என் உபயம். முதலிடம் வந்தால் மாநிலக் கண்காட்சிக்குச் சென்னை போகலாம். மதுரையைத் தாண்டாத பிள்ளைக்கு அது பெரிய ஆசை. நிஜக் காற்றாலைக்கு முன்னால் மாதிரியை வைத்துப் படம் எடுத்து ஒட்டினால் நடுவர்கள் அசந்துபோவார்கள் என்று நான்தான் கிளப்பிவிட்டேன்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, காலை 6.40. பன்னிரண்டு பிள்ளைகள், நான், வேன் ஓட்டும் சுடலைமுத்து அண்ணாச்சி. வேன் வாடகை, டீசல் உட்பட, 5,500 ரூபாய். வண்ணார்பேட்டைப் பாலத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தினோம். கீழே தாமிரபரணி கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் எதுவரை ஏறியது என்று ஷமீமா கையைக் காட்டினாள். ஒரு வெள்ளத்தை மட்டும் வைத்துக்கொண்டு இது பருவநிலை மாற்றத்தால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சூடான காற்று கூடுதலாக நீராவியைச் சுமக்கும், பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். அதை அந்தப் பாலத்தில் வைத்துச் சொன்னபோது யாரும் கொட்டாவி விடவில்லை.

நாங்குநேரி தாண்டியதும் ஒரு கணக்குக் கொடுத்தேன். போகவர 120 கிலோமீட்டர், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர், ஆகப் பன்னிரண்டு லிட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மொத்தம் 32 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

இசக்கிராஜ் விடவில்லை. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. “மிஸ், ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோகூட இருக்காதுல்லா? அதுலேர்ந்து எப்படி ரெண்டே முக்கால் கிலோ வரும்?”

நல்ல கேள்வி. டீசலில் இருக்கும் கார்பன் எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. எடையில் பெரும்பங்கு அந்த ஆக்சிஜனுடையது. இதைக் கேட்டுக்கொண்டே வந்த அண்ணாச்சி, “அப்பம் புகைய விட்டுட்டு புகைய நிறுத்துறதப் படிக்கப் போறிய, அப்படித்தான டீச்சர்?” என்றார். வேனே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. அடுத்த முறை அரசுப் பேருந்தில்தான் போக வேண்டும்.

வள்ளியூரில் டீ குடித்துவிட்டு, பணகுடி தாண்டிக் காற்றாலைகள் நிற்கும் இடத்துக்கு 9.10க்குப் போய்ச் சேர்ந்தோம். வரிசையாக நூற்றுக்கணக்கில் நின்றன. ஒன்றுகூடச் சுற்றவில்லை. மேகம் மூடிப் புழுக்கமாக இருந்தது. எருக்கஞ்செடி இலைகூட அசையவில்லை.

நாகர்கோவில் போகும்போதெல்லாம் பேருந்து ஜன்னலில் இவை சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். யோசித்தால், நான் நாகர்கோவில் போவதே ஆனி, ஆடியில் வரும் கல்யாணம், கோயில் கொடைகளுக்குத்தான். அந்த இரண்டு மாதத்தை வைத்து வருடம் முழுவதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் மழையைப் பார்த்துப் பருவநிலையைப் பேசாதீர்கள் என்று வகுப்பில் முழங்குகிறவள் நான்.

ஒரு காற்றாலையின் அடியில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்ததால், செல்வம் என்ற இளைஞர் வேலிவரை வந்து பேசினார். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு, கையெல்லாம் கிரீஸ்.

“இப்பம் வந்திருக்கியளே. ஐப்பசி, கார்த்திகையில இங்கன காத்து படுத்துரும். நொடிக்கு மூணு மீட்டராவது அடிச்சாத்தான் இது கரண்டு குடுக்கும். இது சும்மா நிக்கும்போதுதான் நாங்க மேல ஏறி போல்ட்டு முறுக்கி, கிரீஸ் வச்சு எல்லா வேலையும் பாக்கோம். ஆனி, ஆடில வாங்க, பேசுறது காதுல விழாது.”

“அப்பம் இன்னைக்கு எங்க ஸ்கூல் ஃபேன் எதுல ஓடுது?” என்று ஷமீமா கேட்டாள்.

“தூத்துக்குடில நிலக்கரி எரியுது. கூடங்குளத்துல அணு உலை ஓடுது. வெயில் வந்தா சோலார். எல்லாம் கலந்துதான் வரும்.”

அவள் கையிலிருந்த மாதிரியைப் பார்த்துவிட்டு, “இது என்னது?” என்றார். அவள் பெருமையாகச் சுவிட்சைத் தட்டினாள். அங்கே சுற்றிய ஒரே காற்றாலை அதுதான்.

செல்வம் குனிந்து பார்த்தார். “பேட்டரியா? அப்பம் இது காத்தாடி இல்ல தங்கச்சி, டேபிள் ஃபேனு. காத்தாடி கரண்டு குடுக்கணும், இது கரண்டத் திங்குது.”

இசக்கிராஜ் சத்தமாகச் சிரித்தான். “ஏலே, வாய மூடு!” என்று அதட்டினேன். உண்மையில் வெட்கப்பட வேண்டியவள் நான். பத்து வருடமாக எத்தனை கண்காட்சிகளில் எத்தனை பேட்டரி காற்றாலைகளுக்குக் கைதட்டியிருக்கிறேன்! ஷமீமாவின் கண் நிறைந்துவிட்டது. படம் எடுக்கவில்லை.

செல்வம் சங்கடப்பட்டுப்போனார். “அழாத. பையப் பைய மாத்திரலாம். பழைய பிரிண்டர் மோட்டார் கெடச்சா போடு, மெதுவாச் சுத்துனாலும் கொஞ்சம் கரண்டு வரும். பேட்டரிய எடுத்துட்டு அந்த எடத்துல ஒரு சின்ன எல்.இ.டி. மாட்டு” என்றார்.

பணகுடியில் ஒரு மரத்தடியில் கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு 3.30க்குத் திரும்பிவிட்டோம். இறங்கும்போது ஷமீமா இரண்டு பேட்டரிகளையும் என் கையில் கொடுத்து, “எனக்கு வேண்டாம் மிஸ்” என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை நடந்த மாவட்டக் கண்காட்சியில் ‘வருடம் முழுவதும்’ பட்டையைக் காணோம். அந்த இடத்தில் பன்னிரண்டு மாதக் கட்டங்கள். காற்று அடிக்கும் மாதங்கள், சூரியப் பலகை கைகொடுக்கும் பகல்கள், இரண்டும் இல்லாதபோது வேறெங்கிருந்தோ வாங்க வேண்டிய மின்சாரம். கடைசி வரிசையில், ஆள் இல்லாத வகுப்பில் ஓடும் மின்விசிறிகளை அணைத்தால் எவ்வளவு குறைவாக வாங்கலாம் என்ற கணக்கு. ஒரு வாரம் வகுப்பு வகுப்பாகப் போய் எண்ணியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், அவளுக்குக் கிடைத்தது மூன்று நாள். மண்டபத்தில் மற்றக் காற்றாலைகள் எல்லாம் சுற்றின. இவளுடையது அசையாமல் நின்றது.

“என்னம்மா, ஓடலையா?” என்றார் நடுவர்.

“காத்து இல்ல சார்.”

“ஒரு பேட்டரி போட்டிருக்கலாமே?”

“பேட்டரி போட்டா அது ஃபேன் சார்.”

நடுவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். முதல் பரிசு, நான்கு பேட்டரியில் சுற்றிய ஒரு காற்றாலைக்குப் போனது. அவள் சென்னை போகவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காற்றாலை சுற்றுவதைப் பார்க்க ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள். முடிந்தால் நவம்பரிலும் ஒருமுறை போங்கள், பாடம் அப்போதுதான் முழுசாகப் புரியும். அனுமதி இல்லாமல் வேலிக்குள் நுழையாதீர்கள். குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், அருகில் கடை கிடையாது. மாதிரி செய்யும் பிள்ளைகளுக்குப் பேட்டரி வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இனி போன செவ்வாய்க்கிழமை. ஆனிக் காற்று, மைதானத்து மண்ணையெல்லாம் வகுப்புக்குள் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஷமீமா இப்போது பதினொன்றாம் வகுப்பு. இடைவேளையில் வந்து மாடிச் சாவியைக் கேட்டாள். கூடவே இசக்கிராஜ், கையில் அந்த மாதிரியோடு. பிரிண்டர் மோட்டாரை அவன்தான் ஒரு பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்தானாம். கைப்பிடிச் சுவரில் கயிறு போட்டுக் கட்டினார்கள். இறக்கைகள் ஒருமுறை தயங்கின, பிறகு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றின. எல்.இ.டி. சிவப்பாக எரிந்தது. வெயிலில் தெரியவில்லை என்று மூன்று பேரும் கையைக் குவித்து நிழல் கட்டிப் பார்த்தோம். இசக்கிராஜ் கயிற்று முடிச்சை இன்னொரு முறை இறுக்கினான்.

ஷமீமா அந்தப் பன்னிரண்டு மாதக் கட்டங்களை வரைந்துவைத்திருந்த நோட்டை எடுத்து ஆனி மாதக் கட்டத்தில் எழுதினாள்: ‘காலை 11.05. பேட்டரி இல்லை.’