பூனைக்காலியும் விதானையாரின் கையெழுத்தும்

நெடுந்தீவில் ஊர் அதிகாரியான கனகசபை விதானையாரின் கையெழுத்து இல்லாமல் ஒரு கன்றுக்குட்டிகூடக் கடல் தாண்டாது. மாடு விற்கிறவன் அவர் தரும் அனுமதித் துண்டோடுதான் தோணி ஏறவேண்டும். பெயரை எழுதி, கீழே பாம்பு சுருண்டு படுத்ததுபோல இரண்டு சுற்றுச் சுற்றுவார். அவருடைய பெருமை அவ்வளவுதான், அதிகாரமும் அதுதான்.

1936ஆம் ஆண்டு மாரியில் அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கியது. பாம்பு நெளிந்தது. தோணி கரைசேரும் ஊர்காவற்றுறையில் அவருடைய துண்டுகளைக் கள்ளத்துண்டு என்று திருப்பிவிட்டார்கள். தை பிறந்ததும் மேலதிகாரியான மணியகாரர் வந்து, தன் கண்முன்னே கையெழுத்து வைக்கச் சொல்வாராம். தவறினால் உத்தியோகம் போகும்.

மரியநாயகியிடம் போனார். மாடு வளர்த்துப் பிழைக்கும் விதவை அவள். தன் கல்வேலியில் படர்ந்த பூனைக்காலியின் விதையைப் பாலில் அவித்து, தோல் உரித்து, இடித்து, நடுக்கம் கண்டவர்களுக்குக் கொடுப்பாள்.

"விதானையாருக்கு இனி விசிறி தேவையில்லைப் போல. கை தானா ஆடுது."

"பகிடி விடாதையும். மருந்தைத் தாரும்."

ஒரு மாதத்தில் கை அடங்கியது. தையில் பாம்பு ஒழுங்காகப் படுத்தது. மணியகாரருக்கு வியப்பு.

"ஆருடைய வைத்தியம்?"

"கொழும்பு மருந்து, ஐயா. இஞ்சையும் ஒருத்தி இலைகுழையை அரைச்சுச் சனத்தை ஏமாத்துறாள்."

"எழுதித் தாரும்."

எழுதினார். சுகப்பட்ட கை, சுகப்படுத்தியவளுக்கு எதிராகவே அழகாகச் சுழித்தது. அவள் ஒருவருக்கும் மருந்து கொடுக்கக்கூடாது என்று தடை உத்தரவு வந்ததும், அவரே மரியநாயகியிடம் கொண்டுபோய் வாசித்தார்.

"அப்ப உங்களுக்கும் தரக்கூடாதோ?"

"எனக்குத்தான் நடுக்கம் மாறிட்டுதே."

மாசியில் நடுக்கம் திரும்பியது. பங்குனியில் மணியகாரர் மறுபடி வருகிறார். வேலியில் முளைக்கும் கொடிக்கு ஒரு பெண்ணிடம் ஏன் கெஞ்சவேண்டும் என்று எண்ணிய விதானையார், அவள் மேய்ச்சலுக்கு மாடு சாய்க்கப் போன நேரம் பார்த்துக் காய்களைத் தாமே பறித்து மடியில் கட்டினார். காயின் மேலிருக்கும் அரிக்கும் சுணை விதானை, வேளாளன் என்று பார்ப்பதில்லை. கை, கழுத்து, வயிறு எல்லாம் தடித்தன. நடுங்கும் கையால் சொறிவதில் ஒரு வசதி: கையை ஆட்டும் சிரமம் இல்லை.

காய்களை உதறி எறிந்துவிட்டு, சொறிந்தபடியே அவளுடைய படலையில் வந்து நின்றார்.

"மரியநாயகி, இந்த முறை மட்டும் தாரும்."

"ஓம், தரலாம். நீங்கள் என்னைப்பற்றி எழுதினது பொய்யெண்டு ஒரு துண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ."

வேறு வழியில்லை. கல்வேலியில் கடதாசியை விரித்து எழுதினார். கையெழுத்தில் பாம்பு கடதாசியை விட்டே ஓடிவிட்டது.

மரியநாயகி துண்டைத் தூக்கி வெயிலில் பார்த்தாள்.

"இது கள்ளத்துண்டு, விதானையார். இதை நம்பி மருந்து தர ஏலாது," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.