கிட்ட வராத காடைகள்

ஜூன் முதல் வாரம், கோதுமை அறுவடைக் கூட்டத்தோடு வடக்கே கிளம்பும்போது டுவெய்ன் ஷ்ராக் மனைவி லவோனிடம் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னான்.

"காடைக் குஞ்சுங்ககிட்டப் பேசாத. கூண்டுக்குள்ள போகாத. தீனிய வெளிய இருந்தே குழாய்ல கொட்டு."

"பேசினா என்ன, பதிலா சொல்லிடும்?"

"உன்கிட்டன்னா சொல்லும். அதான் பயம்."

காரணம் மேபல். இரண்டு வயது வேட்டை நாய். பறவையின் வாடை பட்டதும் கல்லாய் நிற்பதுதான் அதன் தொழில். அது நிற்க, ஆள் போய்ப் பறவையைக் கிளப்ப வேண்டும். போன வசந்தத்தில் பழக்கும்போது, ஆளுக்குப் பழகிப்போன ஒரு காடை பறக்காமல் புல்லில் நடந்து திரிந்தது. மேபல் அதை வாயில் கவ்விவிட்டது. நிற்பானேன், பாய்ந்தால் போதுமே என்று அன்றைக்குப் புரிந்துகொண்டதை மறக்கடிக்க டுவெய்னுக்கு நீளக் கயிறும் மூன்று மாதமும் தேவைப்பட்டன. இன்னொன்று வாயில் சிக்கினால் அவ்வளவுதான். அக்டோபரில் வேட்டை நாய்ச் சங்கத்துப் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் நாய் விச்சிட்டாவில் இருக்கும் அவன் தம்பி வீட்டுக்குப் போய்விடும். அங்கே அதற்குச் சோபாவும் கொழுப்பும்தான்.

லவோன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். கோடையில் பேருந்து கிடையாது. சொன்னபடி பத்து நாள் இருந்தாள். பதினோராவது நாள் சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊதியது, மின்சாரம் போனது. சூட்டு விளக்கு அணைந்தால் கட்டைவிரல் அளவுக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் செத்துப்போகும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தாள். தன் பயம் போக எதையாவது பேச வேண்டியிருந்தது. கேட்க அவைதான் இருந்தன. ஒன்றரை நாள் பேசினாள்.

பிறகு நிறுத்த முடியவில்லை. இறகு முளைத்து, ஐம்பதடி வலைக்கூண்டுக்கு மாறிய பின்னும், காலைக் காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துகொள்வாள். மடியில் தினை.

ஆகஸ்ட் நடுவில் டுவெய்ன் திரும்பினான். மூன்று நாள் லவோன் அதை அவனிடம் சொல்லவில்லை. நான்காம் நாள் அவன் பயிற்சிக்குக் காடை பிடிக்கத் துணிப்பையோடு கூண்டுப் பக்கம் போனதும், கையில் மாவோடு ஓடினாள்.

"டுவெய்ன், நில்லு. அதுல ஏழெட்டு... கொஞ்சம் பழகிடுச்சு."

"கொஞ்சம்னா?"

"கிட்ட வரும்."

"சரி, போ. காட்டு. தனியாப் பிரிச்சிடலாம்."

உள்ளே போய் நின்றாள். தினை எடுத்துப் போகவில்லை. முதலில் ஏழு வந்தன. பின்னால் இன்னும் வந்தன. பூட்ஸைச் சுற்றிக் கூடி, கயிற்றைக் கொத்தி, அண்ணாந்து பார்த்தன. டுவெய்ன் தொப்பியைக் கழற்றி வலைக்கு வெளியே நின்று எண்ணினான். இருபத்து மூன்று. மறுகோடியில் பயந்து ஒடுங்கி நின்றவை பதினெட்டு.

"நான் காடை வளக்கச் சொன்னேன், லவோன். நீ ஞாயித்துக்கெழமை சபை கூட்டி வச்சிருக்க."

"கத்தித் தொலையேன். இப்படிப் பேசறதுக்கு அது மேல்."

"கத்தினா அதுங்க உன் காலுக்கடியில ஒளிஞ்சுக்கும்."

பதினெட்டையும் தடுப்புக்கு அந்தப்புறம் மாற்றினான். இருபத்து மூன்றை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். சாப்பாட்டு மேஜையில், முட்டைக்கோசும் கறியும் அடைத்த பன்னைப் பிட்டுக்கொண்டே சொன்னான்:

"நீதான் வெரட்டணும். நான் வெரட்டினா என்னப் பாத்து மட்டும் ஓடும். நீ வெரட்டினாத்தான் மனுஷன்னாலே ஓடும்."

பள்ளி திறந்திருந்தது. காலை நடை முடித்துப் பேருந்தை நிறுத்தியதும், ஒரு கோணிப்பையை எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் போனாள். பையை உதறினாள். உள்ளே தினை இருக்குமென்று நினைத்து அவை ஓடி வந்தன. மறுபடி உதறினாள், காலால் மண்ணை வாரி இறைத்தாள், "போ! போங்கடி!" என்றாள். குரலைக் கேட்டு இன்னும் நெருங்கின. அன்றைக்கு அழுதுவிட்டு வந்தாள். டுவெய்னிடம் தூசி என்றாள்.

மறுநாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. பையால் அடித்தாள், நிஜமாகவே. ஒன்று உருண்டு விழுந்து எழுந்து, புரியாமல் அவளைப் பார்த்துவிட்டுப் பறந்தது. செப்டம்பர் நடுவில், தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே இருபத்து மூன்றும் மறுகோடி வலையில் மோதின. வேலை முடிந்துவிட்டது. அவள் சந்தோஷப்படவில்லை.

பதினெட்டு அதற்குள் கரைந்திருந்தது. பயிற்சிக்கு வெளியே விட்டதில் சில பருந்துக்கு இரையாயின, சில கூண்டுக்குத் திரும்பாமலே போயின. பரிசோதனைக்கு ஒரு வாரம் இருக்கையில் மிஞ்சியவை லவோனின் காடைகள் மட்டும்தான்.

"மேபல எடுக்கட்டா?" என்றான் டுவெய்ன். இப்படி அவளைக் கேட்டு அவன் எதுவும் செய்ததில்லை.

"உன் நாய்."

"உன் பறவை."

"எடு."

அறுத்த சோளக்கொல்லை ஓரத்தில், உயர்ந்த புல்லில் ஒரு காடையை வைத்தார்கள். மேபல் காற்றுக்கு எதிரே வந்து, பாதி அடியில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. வால் விறைத்திருந்தது. தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. டுவெய்ன் கயிற்றைக் கீழே போட்டான். கிளப்ப வேண்டியது லவோன்; நாயைச் சத்தத்துக்குப் பழக்கும் வெற்றுத் தோட்டாத் துப்பாக்கியும் அவள் கையில்.

அவள் புல்லுக்குள் நடந்தாள். ஆறடியில் காடை தெரிந்தது. அது அவளைப் பார்த்தது. ஒரு கால் எடுத்து அவள் பக்கமாக வைத்தது.

லவோன் நின்றாள். நாயின் மூச்சு பின்னாலிருந்து கேட்டது. அவள் பூட்ஸை ஓங்கி, முழுப் பலத்தோடு, தரையில் மிதித்தாள்.

காடை வெடித்துக் கிளம்பியது. அவள் காதோரம் விசிறிவிட்டு, வேலிமரங்களுக்கு மேலே ஏறி, மறைந்தது. வெற்றுத் தோட்டாவைச் சுட்டாள். கை தானாகச் செய்தது.

பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். மேபல் தூக்கிய கால் தூக்கியபடி, கண்ணால் மட்டும் வானத்தைத் துரத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றது.