மாதிரிக்குக் காத்திராமல்

ஆண்டிபயாட்டிக் மருந்தின் முதல் ஊசியைப் போடுமுன் நோயாளியின் சளியை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்பது அதில்தான் தெரியும். வார்டுச் சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். தாலுகா ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான், படிக்காமல் விடுவேனா?

என் மனைவி மூட்டு ஆபரேஷனுக்காக அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் எங்கள் ஊர் அம்மன் கோயிலை நூற்றியெட்டுச் சுற்று சுற்றிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல், மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியிலேயே தொற்றிய நிமோனியா என்று சொல்லி டாக்டர் ஊசி எழுதினார்.

சிஸ்டர் ஊசியோடு சளிக்கு ஒரு சின்ன டப்பாவையும் கொண்டுவந்தாள். இவளுக்கோ சளி வரவில்லை. நெபுலைசர் வைத்து எடுக்க ஒரு மணி நேரமாகும் என்றாள். எத்தனையோ பேரை நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிய எனக்கு அந்த ஒரு மணி நேரம் பொறுக்கவில்லை.

பையில் எப்போதும் வெள்ளைத்தாள் இருக்கும். சளி மாதிரிக்குக் காத்திராமல் உடனே ஊசி போட வேண்டும், தாமதத்தால் எது நேர்ந்தாலும் பணியிலிருக்கும் செவிலியரே பொறுப்பு என்று எழுதி, பழைய பதவியையும் கீழே போட்டுக் கொடுத்தேன்.

சிஸ்டர் வாசித்துவிட்டு, "போட்டுருதேன் சார். ஆனா பெறகு எடுத்தா டெஸ்ட்ல கிருமி பிடிபடாது" என்றாள்.

மனைவி கண்ணைத் திறந்தாள். "அந்தப் பிள்ளைய ஏன் மிரட்டுதிய? ஆபீஸ்னு நெனப்பா?"

பிறகு எடுத்த சளியில் எதுவும் வளரவில்லை. போட்ட ஊசிக்குக் காய்ச்சலும் அடங்கவில்லை. வென்டிலேட்டரில் வைத்தபின் மறுபடி எடுத்தார்கள். வழக்கமான மருந்து எதற்கும் மசியாத கிருமி என்று முடிவு வந்தது. மருந்தை மாற்றினார்கள். அது இரண்டு நாள் ஏறியது. அதற்குள் அவள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். முதலிலேயே சளி மாதிரி எடுக்காததற்குக் காரணமானவர் யார்? விடை தெரிந்தே நான் எழுதிய மனு அது ஒன்றுதான். வேறு யார் பெயரையாவது எழுதிவிடமாட்டார்களா என்ற நப்பாசை. முப்பது நாளில் பதில் தர வேண்டும், தரவில்லை. மேல்முறையீடும் செய்தேன்.

கடைசியில் வந்த பதில் ஒரே வரி: நோயாளியின் கணவர் எழுத்துமூலம் கோரியதால். இணைப்பு, நகல் ஒன்று. என் கையெழுத்து கோணாமல் விழுந்திருந்தது. உள்ளூர் விடுமுறை நாள் அது, தபாலுக்கு மட்டும் வேலைநாள். தெரு முழுக்க ஆட்கள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று ஆடித்தபசு.