வாவி நடுவே ஒரு ராசா வரவு

நாலைந்து வருடங்களுக்கு முன், மாரி மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு மத்தியானம். வெல்லாவெளிப் பக்கத்தில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விட்டு, ஆசிரியர்கள் எல்லோரும் வழக்கமான வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். மண்டூர்த் துறையில் வேன் பாதையில் ஏறியது. வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல்: வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அக்கரை குருமண்வெளி. அங்கிருந்து குருக்கள்மடத்தில் இருக்கும் என் வீடு பெரிய தூரமில்லை.

நான் ஆங்கில ஆசிரியை. அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அதற்கு முந்திய வருடம் ஒரு பிள்ளை நாலாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. "அது ஒண்டும் இல்ல கா, இன்னொண்டு வரும்" என்று பார்க்க வந்த எல்லோரும் சொன்னார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் ஒன்றுமில்லாத ஒன்றுக்கு எப்படி அழுவது? நானும் கொஞ்ச நாளில் வெண்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள்.

எங்கள் வேன் சாரதி கட்டாரில் ஒரு வெள்ளைக்காரருக்குக் கார் ஓட்டியவர். ஊருக்கு வரும்போது அந்த மனிதர் அன்பளிப்பாகக் கொடுத்த பழைய ஆங்கில ரொக் இசை சீடி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதன் அட்டையில் ஒருவன் நெருப்புக்கு நடுவே குதிரையில் நிற்பான். உள்ளே இருப்பது அதைவிட மோசம். பியானோ மெல்லத் தொடங்கும். பிறகு மேளம், இடிமுழக்கம், ஒரு கூட்டமே சேர்ந்து பாடும் கோரஸ், நடுவில் ஒருவனின் கதறல். முடிந்துவிட்டதென்று நாங்கள் மூச்சு விட்டால் மறுபடி முதலில் இருந்து தொடங்குவான். நாள் தவறாமல் இதைக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப் போயிருந்தது. அடக்கமே தெரியாத பாட்டு என்பது என் தீர்ப்பு.

அன்று வாவி நடுவில் பாதையின் எஞ்சின் நின்றுவிட்டது. தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் ஆற்றுவாழை என்கிற நீர்ச்செடி சுற்றிக்கொண்டதாம். காற்று வேறு எழும்பிவிட்டது. பாதை மெதுவாகத் தன் பாட்டுக்குச் சுழலத் தொடங்கியது. பாதைக்காரர்கள் இரண்டு பேர் கத்தியோடு தண்ணீரில் இறங்கினார்கள். மழை வலுத்ததால் நாங்கள் வேனுக்குள்ளேயே கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருந்தோம்.

அப்போதுதான் என் வயிறு கல்லாக இறுகியது. போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது. இந்தப் பிள்ளையும் போய்விடும், இந்தத் தண்ணீருக்கு நடுவில் ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது என்ற நினைப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த விஞ்ஞான ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு, முன்பு யாரோ ஒருத்திக்குப் பாதையிலேயே பிள்ளை பிறந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். நல்ல மனுசி, ஆனால் எந்தக் கதையை எப்போது சொல்வது என்று மட்டும் தெரியாது.

சாரதி கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த சீடியைப் போட்டார். "இந்த நேரத்திலயும் இதா தம்பி?" என்று விஞ்ஞான ஆசிரியை சலித்துக்கொண்டார்.

சாரதி என் பக்கம் திரும்பினார். "டீச்சர், இது வெறும் பாட்டு இல்ல. கூத்து. கேளுங்க, இப்ப ராசாட வரவு."

அவர் கோயில் திருவிழாவில் வடமோடிக் கூத்து ஆடுபவர். கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் தன்னைத் தானே பாடி, ஆடிக்கொண்டு களரி மேடைக்கு வருவதை வரவு என்போம். அந்தக் கணக்கிலேயே முழு சீடியையும் சொல்லத் தொடங்கினார். இந்த ராசா தேவியைப் பிரிந்து ஆற்றங்கரையில் நிற்கிறான். இடி, அவனுடைய கோபம். கோரஸ், அக்கரைச் சனம். "இப்ப சாகப்போறான், பாருங்க" என்றார். சாகவில்லை. அடுத்த பாட்டிலும் சாகப்போனான். "இன்னும் சாகல்லையா?" என்று நான் கேட்டுவிட்டேன். வேனே சிரித்தது. "அவசரப்படாதீங்க டீச்சர், துக்கத்த முழுசாப் பாடாம ராசா சாகமாட்டான்."

எனக்கு ஆங்கிலம் தெரியும். அந்தப் பாட்டில் ராசாவும் இல்லை, ஆறும் இல்லை. தகப்பனின் காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்த ஒரு பெடியன், காதலி வாசலுக்கு வரவில்லை என்று அழுகிறான். அவ்வளவுதான் விசயம். அந்தச் சின்ன விசயத்துக்குத்தான் இத்தனை மேளம், இத்தனை இடி, ஐம்பது பேர் சேர்ந்த கோரஸ். அது ஒன்றுமில்லை என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அந்த நினைப்பு வந்ததும் என்னை அறியாமல் அழத் தொடங்கினேன். விம்மல் இல்லை, வாய்விட்ட அழுகை. போன வருடத்துப் பிள்ளைக்காக, அதற்கு நான் வைக்க நினைத்துச் சொல்லாமலே போன பெயருக்காக அழுதேன். சாரதி கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டிவிட்டார். விஞ்ஞான ஆசிரியை என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார், இந்தத் தடவை கதை சொல்லாமல். அழுது முடிந்தபோது மூச்சு சீராகியிருந்தது. வயிறும் இளகியிருந்தது. உள்ளே பிள்ளை ஒரு உதை உதைத்தது.

கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இரைந்தது. குருமண்வெளித் துறையில் இறங்கியபோது ராசா இன்னும் பாடிக்கொண்டிருந்தான். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

மகள் இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறாள். அந்தச் சாரதியிடம் பாட்டின் உண்மைக் கருத்தை இதுவரை நான் சொல்லவில்லை, சொல்லப்போவதுமில்லை. அவர் சொன்ன கதைதான் எனக்குச் சரி. போன கிழமை மகளின் பலூன் வேலிக் கம்பியில் பட்டு வெடித்துவிட்டது. ஊரே கேட்க அழுதாள். "ஒண்டும் இல்ல மகள், வேற வாங்கலாம்" என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, அவள் அழுது முடியும் வரை பக்கத்தில் இருந்தேன்.