துரையின் வெள்ளிக் குப்பி

மேகமலைத் தேயிலைத் தோட்டத்து பங்களாவின் காவல்காரர் அவர். முதல் பஸ்ஸில் இறங்கி, சின்னமனூரில் இருக்கும் என் பழம்பொருள் கடைக்கு அசந்துபோய் வந்தார். மடியிலிருந்து முதலைத்தோல் உறை போட்ட வெள்ளி மதுக்குப்பியை எடுத்தார். பேசும்போதும் வேட்டி நுனியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது உடையவரின் பெயரை. பெயர் வெட்டியிருந்த இடம் மழமழவென்றிருந்தது.

"பேரு எங்கய்யா?"

"சீமைக்குப் போகயில எங்க தோட்டத்துத் தொரை, நான் வர்ற வரைக்கும் பளபளன்னு வச்சிருன்னு சொன்னாக. வெள்ளிக்கிழமை தவறாம திருநீறு போட்டுத் தேச்சேன். தேஞ்சு போச்சு. இனிமே எங்க வரப் போறாக?"

"பேரில்லாம யாரும் வாங்க மாட்டாகய்யா. என்ன பேரு இருந்துச்சு?"

மழமழப்பான இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"தொரைன்னுதான் கூப்பிடுவேன்."

குப்பியை மடியில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அந்தக் காவல்காரரின் பெயரை நானும் கேட்டிருக்கவில்லை.