தும்பாவில் வைத்த தீர்மானம்

மஸ்கட் ரூவியில் எங்கள் ரூமில் ஒரு பழைய வாஷிங் மெஷின் இருக்கிறது. துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால் தாளம் போட ஆரம்பித்துவிடும். மூன்று தட்டு, கொஞ்சம் மூச்சு, அப்புறம் இரண்டு தட்டு. மற்றவர்கள் ஓடிப்போய்த் துணியைப் பிரித்துப் போடுவார்கள். நான் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து, இந்தத் தாளம் தொடங்குகிற சமம் எங்கே இருக்கிறது என்று தொடையில் விரல் வைத்துத் தேடிக்கொண்டிருப்பேன். இன்று காலையும் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இதையெல்லாம் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஊரில் ஒரு மெல்லிசைக் குழுவில் தும்பா வாசித்தவன் நான். இடுப்பளவு உயரம், இரண்டு கையாலும் அடிக்கிற மேளம். கோயில் கொடை விழா, கல்யாண வரவேற்பு என்று சுற்றுவோம். பாடுகிறவர் மூச்சு வாங்கினால் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். பாட்டு முடியும்போது ஒரே சொல்லை மூன்று முறை வைத்து, சமத்தில் 'தொம்' என்று இறக்கித் தீர்மானம் கொடுக்க வேண்டும். விசில் வருவது அதற்குத்தான். பிறகு வளைகுடாவுக்கு வந்தேன். முதலில் தோஹாவில் ஒரு ஹோட்டலில் சவுண்டு பார்க்கிற வேலை. வயர் இழுப்பேன், மைக் வைப்பேன், மேடை ஓரமாகப் போய் நின்றுகொள்வேன். தொழில்பேட்டை கேம்ப்பில் சாப்பிடும்போது கை சும்மா இருக்காது. "லேய், சோத்துத் தட்டுல என்னடே மேளம்? தின்னு" என்பார் ரூம்மேட் செல்வின் அண்ணன். குளச்சல்காரர், அதே ஹோட்டலில் சமையல்.

அந்த ஹோட்டலுக்குத்தான் கியூபாவிலிருந்து ஒரு மேளக் குழு வந்தது. யோலாந்தா என்னைவிட வயதில் சின்னவள், ஆனால் அவள்தான் குழுவுக்குத் தலைவி. பாட்டும் இரண்டு மரக்கட்டைகளும் அவளுடைய அண்ணன் ராமோன் பொறுப்பு. கிச்சனில் அவரை 'ராமண்ணன்' ஆக்கிவிட்டார்கள். மூன்றாவது ஆள் யோலாந்தாவின் கணவர், அவருக்கு மட்டும் விசா வரவில்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே நம்ம தும்பாவேதான்! "தும்பா!" என்று கத்திவிட்டேன். "தும்பா!" என்று அவளும் கண்ணை அகல விரித்தாள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் கியூபாவில் உருவாக்கிய மேளம் அது என்று ராமோன் சொன்னார். அது எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று அவர் என்னைக் கேட்டார், நான் அவரைக் கேட்டேன். இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். போஸ்டரில் மூன்று பேர், அதனால் மேடையிலும் மூன்று பேர் வேண்டும். வியாழக்கிழமைக்குள் ஆள் இல்லையென்றால் கலாஸ், இரண்டு பேரும் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். யோலாந்தா அரங்கைச் சுற்றிப் பார்த்தாள். வயர் சுருட்டிக்கொண்டிருந்த என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். மைக் சோதிக்கிற சாக்கில் நான் தும்பாவைத் தட்டியதைக் கேட்டிருக்கிறாள்.

நமக்குத் தெரியாத தும்பாவா என்று உட்கார்ந்தேன். அதோடு சரி, தெரிந்ததெல்லாம் போயிற்று. ராமோனின் கட்டை மூன்றும் இரண்டுமாக ஓடும். என் கை முதல் எண்ணிக்கையில் 'தொம்' என்று விழும். "மாஃபி!" என்பாள் யோலாந்தா. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இல்லை என்பதற்கு இரண்டு பேரும் வந்த இடத்தில் பொறுக்கிய அரபிதான். ஒன்றில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள், நான்கில் விடுவாள். சமத்தில் சும்மா இருக்க வேண்டுமாம், நான்கில்தான் பேச வேண்டுமாம். தாலி கட்டும் நேரத்தில் மேளத்தை நிறுத்தச் சொன்னது மாதிரி இருந்தது எனக்கு. அவள் வாசித்துவிட்டுச் சற்று ஓய்ந்தால் பழக்கதோஷத்தில் நான் புகுந்து நிரப்புவேன். "மாஃபி, மாஃபி!" நான் மாறாமல் ஒன்றையே வாசித்தால்தான் அவள் மாற்றி மாற்றிப் பேச முடியும் என்று ராமோன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். விளக்க விளக்கக் குழம்பியது.

"என்னடே, தெரிஞ்சதயும் மறந்துட்டியா?" என்றார், பார்க்க வந்த செல்வின் அண்ணன்.

"எங்க தொடங்குதுன்னே தெரியலண்ணே."

"எங்கயாவது தொடங்கித் தொல மக்கா. அவுகள ஊருக்கு அனுப்பிராத."

வியாழன் மாலை மேடையில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் ஓரத்தில் நின்றவன் நடுவில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்! ஒன்றில் சும்மா, நான்கில் தொம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். கடைசிப் பாட்டில் ராமோன் குரலை உயர்த்தினார். முடியப்போகிறது என்று மூளைக்குத் தெரிவதற்கு முன் கைக்குத் தெரிந்துவிட்டது. மூன்று முறை வைத்து இறக்கிவிட்டேன். அவர்கள் முடித்தது அதற்கு அரைத் தட்டு தள்ளி. கிச்சன் வாசலில் நின்ற நம் ஆட்கள் என் தொம்முக்குக் கைதட்டினார்கள், விருந்தினர்கள் அவர்கள் முடித்ததற்குத் தட்டினார்கள். மேனேஜர் இரண்டுக்கும் தட்டினார். யோலாந்தா என்னைப் பார்த்து ஸ்பானிஷில் நீளமாக ஏதோ சொன்னாள். மாஃபி மட்டும் அதில் இல்லை. என்ன சொன்னாள் என்று ராமோனிடம் கேட்டேன். அவர் சிரித்து, என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

குழு தங்கியது. அப்புறம் நான் தீர்மானம் வைக்கவே இல்லை, கையை அடக்கிக்கொண்டேன். அவள் கணவருக்குச் சீக்கிரம் விசா வரட்டும் என்று முருகனிடம் வேண்டுவேன். பாதி வேண்டுதலிலேயே, கொஞ்சம் தள்ளித்தான் வரட்டுமே என்று மனசு குறுக்கே விழும். முருகனே குழம்பியிருப்பான்.

அவள் கணவர் வந்துவிட்டார். என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்ன நல்ல மனிதர், கோபப்படக்கூட வழியில்லை. நான் மறுபடி மைக்கும் வயருமாக ஓரத்துக்குப் போனேன். அன்று அவர் ஒன்றில் சும்மா இருந்தார், நான்கில் பேசினார், அட்சரம் பிசகவில்லை. பாட்டு முடியப்போகும் நேரம், ஒரே சொல்லை மூன்று முறை வைத்து 'தொம்' என்று இறக்கினார். என் தீர்மானம். யோலாந்தாதான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அரைத் தட்டு தள்ளி மற்ற இருவரும் முடித்தார்கள்.

"லேய், அது ஒன் அடில்லா?" என்றார் பக்கத்தில் நின்ற செல்வின் அண்ணன்.

கேலியா? மரியாதையா? பாட்டை முடிக்க அதுவும் ஒரு வழி என்று நிஜமாகவே எடுத்துக்கொண்டார்களா? பெருமையாகவும் இருந்தது, என் இடத்தோடு என் அடியும் போயிற்றே என்று அழுகையாகவும் வந்தது. யோலாந்தாவிடம் கேட்டிருக்கலாம். எந்த மொழியில் கேட்பது?

அந்த அரங்கு இப்போது ஜிம்மாகிவிட்டதாம். செல்வின் அண்ணன் குளச்சலுக்கே திரும்பிப் போய்விட்டார். யோலாந்தாவும் ராமோனும் எந்த ஊரில், எந்த மேடையில் இருக்கிறார்களோ, தெரியாது. அந்த மூன்று அடியை இன்னும் வைக்கிறார்களா, யாராவது கேட்டால் யார் கொடுத்தது என்று சொல்வார்களா, அதுவும் தெரியாது. இந்த ரூமில் நான் தும்பாக்காரன் என்பதே யாருக்கும் தெரியாது.

மெஷின் பாதித் தாளத்தில் நின்றுவிட்டது. பொறுக்க முடியாமல் தொடையில் மூன்று முறை வைத்து இறக்கினேன். மாஃபி என்று சொல்ல ஆள் இல்லை.